இது, உது, அது: ஆங்கிலத்திலும் போர்ச்சுகீஸிலும் சுட்டுச்சொல்லையும் பெயரடையையும் பிசகாமல் பொருத்துவது எப்படி

"இந்த ரெண்டு புது நாற்காலி." பேச்சுத் தமிழில் இவ்வளவுதான். பன்மைக்கு அடையாளம் எங்கும் இல்லை. 'ரெண்டு' என்ற சொல்லே அந்த வேலையை முடித்துவிடுகிறது. எழுதும்போது மட்டும் நாற்காலியோடு ஒரு 'கள்' சேர்ப்போம். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் 'தீஸ் டூ நியூ சேர்ஸ்'. பன்மை இரண்டு இடத்தில் ஏறுகிறது: சுட்டில் ஒன்று, பெயரில் ஒன்று. போர்ச்சுகீஸில் 'எஸ்தாஸ் துவாஸ் கதேய்ராஸ் நொவாஸ்'. நான்கு சொல், நான்கிலும் பெண்பால், நான்கிலும் பன்மை. 'இரண்டு' கூட நாற்காலியின் பாலுக்கு ஏற்ப உரு மாறியிருக்கிறது.

மூன்று மொழிக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தொடரிலேயே தெரிந்துவிடும். தமிழர்களுக்குப் போர்ச்சுகீஸில் சுட்டு எளிது, பெயரடைதான் கடினம். ஆங்கிலத்தில் பெயரடை எளிது, சுட்டில்தான் சறுக்கல். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பயிற்சி நேரத்தை எங்கே செலவிடுவது என்பது தெளிவாகிவிடும்.

தொடங்குமுன் உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. போர்ச்சுகீஸ் சொற்களை இங்கே காதில் விழும் ஓசைக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். ஏ, ஓ என்று இருந்தால் வாயைக் குறுக்கிச் சொல்லுங்கள். எ, ஒ என்று இருந்தால் அகலத் திறந்து சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் வரும் ஸ், லிஸ்பனிலும் ரியோவிலும் 'ஷ்' ஆக ஒலிக்கும். பிரேசிலின் பெரும்பகுதியில் கடைசி 'தி' ஏறக்குறைய 'ச்சி' அல்லது 'ஜி' ஆகிவிடும். இலக்கணம் இதனாலெல்லாம் மாறாது.

முதல் படி: பெயர்ச்சொல்லைப் பாலோடு சேர்த்தே மனதில் வையுங்கள்

போர்ச்சுகீஸில் ஒரு தொடரை வலமிருந்து இடமாகவோ இடமிருந்து வலமாகவோ கட்ட முடியாது. பெயர்ச்சொல்லில் தொடங்கித்தான் இரண்டு பக்கமும் போக வேண்டும். அதன் பால் தெரியாமல் சுட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது, பெயரடையையும் முடிக்க முடியாது.

நல்லவேளையாக, முதல் இருபது சொற்களுக்கு நீங்கள் அகராதியைப் புரட்ட வேண்டாம். அவை ஏற்கெனவே நம் வீட்டில்தான் இருக்கின்றன. ஜன்னல், சாவி, மேசை, துவாலை, வராந்தா, அலமாரி, அன்னாசி, ஏலம் எல்லாம் போர்ச்சுகீஸிலிருந்து தமிழுக்கு வந்தவை. இலங்கைத் தமிழர்களிடம் இன்னும் கூடுதலாக உண்டு: கதிரை (நாற்காலி), சப்பாத்து (ஷூ), பாண் (ரொட்டி), குசினி (சமையலறை), வாங்கு (பெஞ்சு), அலவாங்கு (கடப்பாரை). யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்ச்சுகீஸ் ஆட்சியில் இருந்ததன் தழும்புகள் இவை.

பெண்பாற் சொற்கள்: ஜனெலா (ஜன்னல்), ஷாவி (சாவி), மேஸா (மேசை), துவால்யா (துவாலை), வராந்தா, கதேய்ரா (கதிரை), கொஸீன்யா (குசினி), அலவாங்கா (அலவாங்கு).

ஆண்பாற் சொற்கள்: அர்மாரியு (அலமாரி), சப்பாத்து, பாவ்ங் (பாண்), கொப்பு (கோப்பை), பாங்கு (வாங்கு), அனனாஸ் (அன்னாசி), லெய்லாவ்ங் (ஏலம்).

மேசைக்கு ஏன் பெண்பால் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது; மேசை, அலமாரி எல்லாம் அஃறிணை, கதை முடிந்தது. போர்ச்சுகீஸில் பால் என்பது சொல்லின் சொத்து, பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஆ' ஓசையில் முடிவன பெரும்பாலும் பெண்பால், 'உ' ஓசையில் முடிவன பெரும்பாலும் ஆண்பால். மற்ற ஓசைகளில் முடிவனவற்றை ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும். ஷாவி பெண்பால் என்பது அதன் ஓசையை வைத்துத் தெரியாது.

அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னால் வரும் சார்புச் சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள்: 'உ கொப்பு', 'அ மேஸா', பன்மையில் 'உஸ் கொப்புஸ்', 'அஸ் மேஸாஸ்'. இந்த உ, அ இரண்டும் நம் சுட்டெழுத்துகளைப் போலத் தோன்றினாலும் சுட்டு அல்ல. ஆங்கிலத்தில் 'த' செய்யும் வேலையைச் செய்பவை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பொருள் யார் பக்கத்தில் இருக்கிறது?

நன்னூல் சுட்டெழுத்து மூன்று என்கிறது: அ, இ, உ. தமிழ்நாட்டில் 'உ' பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மறையவில்லை. பேசுபவர் கையில் இருந்தால் இது. கேட்பவர் பக்கம் இருந்தால் உது. இருவருக்கும் தள்ளி இருந்தால் அது. "உதை இங்கை தாங்கோ" என்றால், உங்களிடம் இருப்பதைத் தாருங்கள் என்று பொருள்.

போர்ச்சுகீஸின் மூன்று வரிசையும் இப்படியேதான் அமைந்திருக்கிறது.

என் பக்கம்: ஏஸ்தி, எஸ்தா, ஏஸ்திஸ், எஸ்தாஸ்.
உங்கள் பக்கம்: ஏஸ்ஸி, எஸ்ஸா, ஏஸ்ஸிஸ், எஸ்ஸாஸ்.
இருவருக்கும் அப்பால்: அக்கேலி, அக்கெலா, அக்கேலிஸ், அக்கெலாஸ்.

ஒவ்வொரு வரிசையிலும் ஆண்பால் ஒருமை, பெண்பால் ஒருமை, ஆண்பால் பன்மை, பெண்பால் பன்மை என்ற ஒழுங்கில் தந்திருக்கிறோம். உயிரொலியைக் கவனியுங்கள். ஆண்பாலில் குறுகிய ஏ, பெண்பாலில் அகன்ற எ. பால் வேறுபாடு சொல்லின் வாலில் மட்டுமல்ல, வயிற்றிலும் இருக்கிறது. வேகமாகப் பேசும்போது கடைசி எழுத்து காதில் விழாமல் போகலாம். நடு உயிர் காட்டிக்கொடுத்துவிடும்.

இடச்சொற்களும் இதே கணக்குதான். அக்கீ என்றால் இங்கே. அயீ என்றால் உங்கே, அதாவது நீங்கள் இருக்கும் இடம். அலீ, லா இரண்டும் அங்கே. தமிழ்நாட்டு வாசகர்கள் ஏஸ்ஸி வரிசையைக் கண்டு தயங்கினால் 'ஒங்க கிட்ட இருக்கே, அந்த...' என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்ல முடிந்தால் ஏஸ்ஸி வரிசை. முடியாவிட்டால் அக்கேலி வரிசை.

பிரேசில் பேச்சுமொழியில் முதல் இரண்டு வரிசையும் கலந்துவிட்டன. பெரும்பாலும் ஏஸ்ஸி ஒன்றே இரண்டுக்கும் வரும். வேறுபடுத்த வேண்டுமானால் 'ஏஸ்ஸி அக்கீ' என்று இடச்சொல்லைக் கூட்டிக்கொள்வார்கள். போர்ச்சுகலில் வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் யோசனை: மூன்றையும் படியுங்கள். பிரேசிலுக்குப் போனால் இரண்டாகச் சுருக்கிக்கொள்வது எளிது. இரண்டை மட்டும் படித்துவிட்டு லிஸ்பனில் மூன்றாவதைப் பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. கடிதம் எழுதும்போதும் மூன்றும் தேவைப்படும்: உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கே எழுதும்போது 'எஸ்ஸா சிதாதி', அதாவது உந்த நகரம்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் மூன்றாவது சுட்டு இருந்தது. 'யான்' என்ற அந்தச் சொல் இன்று சில வட்டார வழக்குகளிலும் பழைய பாட்டுகளிலும்தான் இருக்கிறது. நம் 'உ' போலத்தான்.

பெயர் தெரியாத பொருளுக்கும், ஒரு பேச்சு முழுவதையும் சுட்டுவதற்கும் வேறு மூன்று சொற்கள்: இஸ்து, இஸ்ஸு, அக்கீலு. இவற்றுக்குப் பால் இல்லை, பன்மையும் இல்லை. கூட வரும் பெயரடை எப்போதும் ஆண்பால் ஒருமை: 'இஸ்து எ போங்' என்றால் இது நல்லது. இங்கே தமிழர்களுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. நாம் "இது என் தங்கச்சி" என்று இயல்பாகச் சொல்வோம். அதை அப்படியே 'இஸ்து' என்று தொடங்கினால் தங்கையைச் சாமானாக்கிவிடுவீர்கள். 'எஸ்தா எ அ மீன்யா இர்மாவ்ங்' என்று சொன்னாலும் தப்பு. கடைசிச் சொல் ஆண்களுக்கு உரியது. தங்கைக்கு 'இர்மாங்'.

மூன்றாம் படி: முன்னால் ஒட்டும் உருபுகள்

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டும்: இதில், அதன். போர்ச்சுகீஸில் முன்னால் ஒட்டும். 'இல்' என்ற பொருள் தரும் சொல் சுட்டோடு சேர்ந்தால் ந-வில் தொடங்கும்: நேஸ்தி, நெஸ்தா, நேஸ்ஸி, நெஸ்ஸா, நக்கேலி, நக்கெலா. 'இன்', 'இலிருந்து' என்ற பொருள் தருவது சேர்ந்தால் த-வில் தொடங்கும்: தேஸ்தி, தெஸ்தா, தேஸ்ஸி, தெஸ்ஸா, தக்கேலி, தக்கெலா. இந்தத் த-வை 'பந்து' என்பதில் வரும் து போல மென்மையாகச் சொல்லுங்கள். பாலற்றவையும் இப்படியே: நிஸ்து, திஸ்ஸு, தக்கீலு.

'நேஸ்தி அர்மாரியு' என்றால் இந்த அலமாரியில். 'தக்கெலா ஜனெலா' என்றால் அந்த ஜன்னலின், அந்த ஜன்னலிலிருந்து. இந்த ஒட்டு விருப்பத்தைப் பொறுத்ததல்ல. பிரித்து எழுதினால் பிழை என்றுதான் திருத்துவார்கள். ஆனால் 'உடன்' என்ற பொருள் தரும் 'கோங்', 'க்கு' என்ற பொருள் தரும் 'பாரா' இரண்டும் ஒட்டாது, தனியாகவே நிற்கும்.

நான்காம் படி: பெயரடை

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால் வரும். பாலும் எண்ணும் பெயருடையவை.

'உ'வில் முடிவனவற்றுக்கு நான்கு உரு. புதிய என்பதற்கு நோவு, நொவா, நொவுஸ், நொவாஸ். ஆண்பால் ஒருமையில் மட்டும் ஓ குறுகியிருக்கிறது, மற்ற மூன்றிலும் ஒ அகன்றிருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைக்குப் பிராங்கு, பிராங்கா, பிராங்குஸ், பிராங்காஸ்.

'இ' ஓசையில் முடிவன பால் பார்ப்பதில்லை, எண் மட்டும் பார்க்கும். பெரிய என்பதற்குக் கிராந்தி, கிராந்திஸ். பச்சைக்கு வேர்தி, வேர்திஸ்.

மெய்யில் முடிவன பெரும்பாலும் இரண்டு உருவோடு நின்றுவிடும், ஆனால் பன்மையில் வடிவம் கொஞ்சம் புரளும். நீலம் அஸூல், பன்மை அஸூயிஸ். எளிய என்பதற்கு ஃபாசில், பன்மை ஃபாசெய்ஸ். மகிழ்ச்சியான என்பதற்கு ஃபெலீஸ், பன்மை ஃபெலீஸிஸ். நாட்டுப் பெயர்கள் விலக்கு: போர்த்துகேஸ், போர்த்துகேஸா, போர்த்துகேஸிஸ், போர்த்துகேஸாஸ் என்று நான்கும் உண்டு.

அடிக்கடி வரும் இரண்டைத் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள். நல்ல: போங், போவா, போங்ஸ், போவாஸ். கெட்ட: மாவ், மா, மாவ்ஸ், மாஸ். ஆனால் 'இன்னும் நல்ல' என்ற பொருளில் வரும் மெல்யொர் பாலுக்கு மாறாது.

நிறப் பெயர்களில் ஒரு நுட்பம். ஆரஞ்சுப் பழத்தின் பெயரான லராஞ்ஜா, ரோஜாவின் பெயரான ரொஸா போன்றவை நிறமாக வரும்போது மாறவே மாறாது. அவை உள்ளுக்குள் இன்னும் பெயர்ச்சொற்கள்தான். 'சப்பாத்துஸ் லராஞ்ஜா' என்பதே சரி.

இப்போது, ஏன் நமக்கு இது தடுமாறுகிறது? தமிழிலும் இயைபு, அதாவது பாலும் எண்ணும் பொருந்தி வருவது, உண்டு. அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர்கள் நல்லவர்கள். பயனிலை இடத்தில் வரும்போது நாமும் பாலும் எண்ணும் பார்க்கிறோம். பெயருக்கு முன்னால் வந்தால்தான் பார்ப்பதில்லை: நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள். போர்ச்சுகீஸ் இரண்டு இடத்திலும் பார்க்கிறது. 'அ மேஸா எ நொவா' என்றாலும் நொவா, 'அ மேஸா நொவா' என்றாலும் நொவா. 'நல்லவள்' என்று வாய் தானாகச் சொல்கிறதல்லவா? அதே பழக்கத்தைப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டி வரும் பெயரடைக்கும் நீட்டினால் போதும்.

யாப்பில் இயைபு என்றால் அடிகளின் கடைசி ஓசை ஒன்றிவருவது. இலக்கண இயைபையும் அப்படி ஓசைப் பொருத்தம் என்று நினைத்துக்கொள்வதே தொடக்கக்காரர்களின் பெரிய பிழை. 'எஸ்தா மேஸா நொவா' என்று ஆ, ஆ, ஆ வரிசையாக விழுவதைக் கேட்டு, ஓசை பொருந்தினால் சரி என்று நம்பிவிடுகிறார்கள். பிறகு 'புரொப்ளேமா' வரும். அது ஆண்பால். 'ஏஸ்தி புரொப்ளேமா நோவு' என்றுதான் சொல்ல வேண்டும், காதுக்கு எவ்வளவு கரகரத்தாலும். மாப்பா (வரைபடம்), தீயா (நாள்), சிஸ்தேமா (அமைப்பு) எல்லாம் இந்தக் கூட்டம். எதிர்ப் பக்கத்தில் மாவ்ங் (கை), ஃபொத்து (புகைப்படம்) இரண்டும் பெண்பால்: 'எஸ்தா ஃபொத்து நொவா'.

ஆட்களைக் குறிக்கும் சொற்களிலும் இதே கண்டிப்பு. 'பெஸ்ஸோவா' என்றால் ஆள். அது எப்போதும் பெண்பால். மீசை வைத்த தாத்தாவைப் பற்றிப் பேசினாலும் 'எஸ்ஸா பெஸ்ஸோவா'தான். குழந்தையைக் குறிக்கும் 'கிரியான்ஸா'வும் அப்படியே.

ஆண்பாலும் பெண்பாலும் கலந்து வந்து, பெயரடை பின்னால் நின்றால் ஆண்பால் பன்மை பாதுகாப்பானது: 'அ மேஸா இ உ கொப்பு நொவுஸ்', மேசையும் கோப்பையும் இரண்டுமே புதியவை.

சில பெயரடைகள் முன்னால் வந்தால் பொருள் மாறும். 'ஒமெங் கிராந்தி' உடல் பெருத்த ஆள்; 'கிராந்தி ஒமெங்' பெரிய மனுஷன். 'அமீகு வெல்யு' வயதான நண்பர். 'வெல்யு அமீகு' பழைய சிநேகிதர்.

எண்களில் ஒன்று, இரண்டு, அவற்றில் முடியும் 21, 22 போன்றவை, பிறகு 200 முதல் 900 வரையிலான நூறுகள் பால் பார்க்கும்.

'மிக' என்ற பொருளில் வரும் 'முய்ந்து' இரண்டு வேடம் போடும். பெயருக்கு முன் வந்தால் மாறும்: 'முய்ந்தா ஆகுவா', நிறையத் தண்ணீர். பெயரடைக்கு முன் வந்தால் மாறாது: 'முய்ந்து கான்ஸாதா', மிகவும் களைத்தவள். நன்றி சொல்வது இதற்கு நேர்மாறாகப் பேசுபவரைப் பார்க்கும். ஆண் சொன்னால் 'ஒப்ரிகாது', பெண் சொன்னால் 'ஒப்ரிகாதா'. எதிரில் நிற்பவர் யார் என்பது கணக்கில் இல்லை.

ஆங்கிலத்தில் எங்கே சறுக்குகிறது

ஆங்கிலப் பெயரடை மாறாது என்பதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே ஒரு இடம்: 'டென் இயர் ஓல்ட் பாய்' என்பதில் 'இயர்' பன்மையாகாது. பெயர்ச்சொல் பெயரடையின் இடத்துக்கு வந்ததும் பெயரடையின் குணத்தை எடுத்துக்கொள்கிறது. 'டென் இயர்ஸ் ஓல்ட் பாய்' என்று எழுதுவது பத்துப் பேரில் யாராவது ஒருவர் கையிலாவது வந்துவிடும் பிழை. ஆனால் 'ஹீ இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்' சரி, அங்கே பின்னால் பெயர் இல்லை.

சுட்டுதான் தொல்லை. தமிழில் 'இந்த' ஒன்றே இந்தப் புத்தகத்துக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் போதும். அந்தப் பழக்கத்தில் 'திஸ் புக்ஸ்', 'தட் பாய்ஸ்' என்று வந்துவிடுகிறது. திஸ் ஒருமை, தீஸ் பன்மை. தட் ஒருமை, தோஸ் பன்மை. திஸ், தீஸ் என்பதில் குறில் நெடில் வேறுபாடு நமக்குக் காதில் நன்றாகவே விழும். ஆகவே இது செவியின் பிழை அல்ல, பழக்கத்தின் பிழை.

பேச்சுத் தமிழில் 'மூணு புத்தகம்' என்று எண்ணுக்குப் பின் 'கள்' விடுவதால் 'திஸ் த்ரீ புக்' வரைக்கும் போவதுண்டு. எண்ணைப் பார்த்ததும் சுட்டையும் பெயரையும் சேர்த்துத் திருத்துங்கள்: 'தீஸ் த்ரீ புக்ஸ்'. பெற்றோரை அறிமுகப்படுத்தும்போது 'திஸ் இஸ் மை பேரண்ட்ஸ்' அல்ல, 'தீஸ் ஆர் மை பேரண்ட்ஸ்'. நியூஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் மூன்றும் எவ்வளவு குவிந்தாலும் ஒருமை, ஆகவே திஸ். சிஸர்ஸ், ட்ரவுசர்ஸ் ஒன்றே ஒன்று இருந்தாலும் தீஸ். 'திஸ் கைண்ட் ஆஃப்' அல்லது 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப்'. இரண்டையும் குழப்பி 'தீஸ் கைண்ட் ஆஃப்' என்று எழுதினால் தேர்வுத்தாளில் சிவப்பு மை விழும்.

மேசையில் ஒரு பயிற்சி

இருவர் எதிரெதிரே உட்காருங்கள். மேசையில் நான்கு பொருள் போதும்: ஒரு கோப்பை, ஒரு துவாலை, இரண்டு சாவி, ஒரு பாண். கோப்பை உங்கள் கையருகே இருக்கும்போது 'ஏஸ்தி கொப்பு பிராங்கு'. எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுங்கள்: 'ஏஸ்ஸி கொப்பு பிராங்கு'. எழுந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்: 'அக்கேலி கொப்பு பிராங்கு'. கொப்புவும் பிராங்குவும் மூன்று முறையும் அசையவில்லை, சுட்டு மட்டும்தான் நடந்தது.

அடுத்து இடத்தை மாற்றாமல் பொருளை மாற்றுங்கள். துவாலை: 'எஸ்தா துவால்யா பிராங்கா'. சாவி இரண்டு: 'எஸ்தாஸ் துவாஸ் ஷாவிஸ் நொவாஸ்'. பாண்: 'ஏஸ்தி பாவ்ங் போங்'. இப்போது தூரம் அசையவில்லை, பாலும் எண்ணும் நடந்தன. இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். முதல் வாரம் தூரம், இரண்டாம் வாரம் பால். மூன்றாம் வாரம் எதிரே இருப்பவர் பொருளையும் இடத்தையும் சொல்லாமல் மாற்றட்டும், நீங்கள் மூன்று நொடிக்குள் தொடரைச் சொல்லுங்கள். திணறினால் முதலில் பெயர்ச்சொல்லை மட்டும் சொல்லி, பிறகு இடப்பக்கம் சுட்டு, வலப்பக்கம் பெயரடை என்று கட்டுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எதிரே அமைந்தால் அவரைப் பக்கத்திலேயே 'இது, உது, அது' என்று தமிழில் சொல்லிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.